உள்மூடியில் 'ஸ்பிரால் ப்ரெகே' என்று இருந்தால் அது ப்ரெகே செய்த வாட்சா?

கேள்வி, 9 மே 2025

தாத்தா ரயில்வேயில் இருந்தவர். அவருடைய பாக்கெட் வாட்ச் அப்பாவிடம் இருந்தது, இப்போது என்னிடம் வந்திருக்கிறது. வெள்ளிக் கூடு. பின்பக்கம் இரண்டு மூடி. உள்மூடியில் வட்டமாக 'ஆங்க்ர், 15 ரூபி, ஸ்பிரால் ப்ரெகே' என்று பிரெஞ்சில் பொறித்திருக்கிறது, கீழே சில பதக்கப் படங்கள். டயலில் பெயர் இல்லை. பழைய பொருள் வாங்குகிற ஒருவர் பார்த்துவிட்டு, "நெப்போலியனுக்கு வாட்ச் செய்து கொடுத்த ப்ரெகே இவர்தான், லட்சக்கணக்கில் போகும், ஆனால் உங்களிடம் பேப்பர் இல்லையே, நான் வேண்டுமானால் ஒரு விலை போட்டு எடுத்துக்கொள்கிறேன்" என்கிறார். கொடுக்கலாமா? யார் இந்த ப்ரெகே?

9 மே, இரவு

கொடுக்காதீர்கள். தாத்தா வாட்ச் என்பதே போதுமான காரணம். அது ப்ரெகே செய்ததில்லை.

'ஸ்பிரால் ப்ரெகே' என்றால் உள்ளே இருக்கிற ஹேர்ஸ்பிரிங், அதாவது மயிரிழை மாதிரியான சுருள், ஒரு குறிப்பிட்ட விதமாக வளைக்கப்பட்டது என்று அர்த்தம். அந்த வளைவைக் கொண்டுவந்தவர் பெயர் ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான். 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலும் அதற்குப் பிறகும் எத்தனையோ சுவிஸ் பட்டறைகள் இதே வரியைப் பொறித்தன. ஆங்க்ர் என்பது லீவர் எஸ்கேப்மென்ட், சக்கரத்தைப் பல் பல்லாக நிறுத்தி விடுகிற பாகம். 15 ரூபி என்பது உள்ளே இருக்கும் கற்களின் எண்ணிக்கை. பதக்கங்கள் கண்காட்சிப் பரிசுகளைக் காட்டுபவை. ஆக மொத்தம் அந்த மூடி ஒரு விளம்பர நோட்டீஸ்.

பேப்பர் விஷயம்: உண்மையான ப்ரெகேக்கு நீங்கள் பேப்பர் காட்டவே வேண்டாம். எந்த எண், யார் வாங்கினார், எந்தத் தேதி, என்ன விலை என்று அந்தக் கடையே பேரேட்டில் எழுதி வைத்திருக்கிறது. அந்தப் பேரேடுகள் இன்றும் பாரிசில் இருக்கின்றன. எண்ணைக் கொடுத்தால் தேடிச் சொல்கிறார்கள். அந்த வியாபாரிக்கு இது தெரியாமல் இருக்காது.

10 மே

யார் இவர் என்று கேட்டீர்கள் அல்லவா.

ஆப்ரஹாம் லூயி ப்ரெகே. பிறந்தது 1747 ஜனவரி 10, இன்று சுவிட்சர்லாந்தில் இருக்கிற நொஷாத்தெலில். சிறுவனாக இருக்கும்போதே அப்பா போய்விட்டார். அம்மா மறுமணம் செய்துகொண்டவர் கடிகாரத் தொழில் குடும்பத்துக்காரர். பையனுக்குப் படிப்பு ஏறவில்லை, தொழிலில் போடலாம் என்று முடிவு. 15 வயதில் வெர்சாய்க்கும் பாரிசுக்குமாக வேலை பழக அனுப்பினார்கள். படிப்பு ஏறாத பையன் அங்கே போய் மாலை நேரத்தில் கணக்கு படித்தான். மஸரன் கல்லூரியில் அபே மரி என்கிற பாதிரியார் அவனுக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்தார், அரசவைப் பக்கம் ஆட்களையும் அறிமுகப்படுத்தினார். பின்னால் வந்த பணக்கார வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் அந்தக் கதவு வழியாக வந்தவர்கள்தான் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

1775இல் கல்யாணம், அதே வருஷம் சொந்தக் கடை. சேன் ஆற்று நடுவே இருக்கிற தீவில், கே தெ லோர்லோஜ் என்ற கரைத் தெருவில். 1780இல் தானே சாவி ஏறும் கடிகாரம் ஒன்றை ஓர்லியான் பிரபுவுக்கு விற்றார். 1782இல் ராணி மேரி அன்டோனெட்டுக்கு ஒன்று. அதன்பிறகு அரண்மனை முழுக்க அவர் பெயர்தான்.

மீதி நாளை. சாவி ஏறுவதைப் பற்றி ஒரு திருத்தம் சொல்ல வேண்டும், அதுவும் நாளை.

11 மே

கீழே ஒருவர், "ஆட்டோமேட்டிக் வாட்சைக் கண்டுபிடித்தவர் ப்ரெகே" என்று எழுதியிருக்கிறார். இல்லை. சுவிஸ் மலையூரான லெ லோக்லில் ஆப்ரஹாம் லூயி பெரலே என்பவர் 1770களிலேயே செய்திருந்தார். 1777இல் ஜெனீவாவின் கலைச் சங்கத்துக்குப் போன அறிக்கையில், கால் மணி நேரம் நடந்தால் எட்டு நாள் ஓடும் அளவுக்குச் சாவி ஏறுகிறது என்று இருக்கிறது. லியேஜ் ஊரைச் சேர்ந்த சார்த்தோன் என்பவருக்கும் இதில் உரிமை கொண்டாடுகிறவர்கள் உண்டு, அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை.

ப்ரெகே செய்தது, அதை நம்பி வாங்கும்படி ஆக்கியது. சட்டைப்பைக்குள் இருக்கும் வாட்ச் கை மாதிரி சுழலாது, நடக்கும்போது மேலும் கீழும் குலுங்கும், அவ்வளவுதான். அதற்கேற்ற மாதிரி பிளாட்டினத்தில் கனமான ஒரு எடையை ஸ்பிரிங்கில் தாங்கவிட்டார். முழுதாக ஏறியதும் எடை தானே நின்றுவிடும்படியும் செய்தார். மணியடிக்கிற வசதியையும் அதே கூட்டுக்குள் வைத்தார். இரண்டு பேருக்கும் ஆப்ரஹாம் லூயி என்றே பெயர் என்பதால் குழப்பம் இன்னும் பல காலம் ஓடும்.

11 மே, மாலை

"ப்ரெகே பிரெஞ்சுக்காரர், சுவிஸ் என்று எழுதாதீர்கள்."

பிறந்த ஊர் நொஷாத்தெல். அவர் பிறந்தபோது அந்த ஊருக்கு ராஜா பிரஷ்ய மன்னர். சுவிஸ் கூட்டமைப்பில் அது ஒரு மாநிலமாகச் சேர்ந்ததே 1815இல்தான். முன்னோர் பிரான்சிலிருந்து மதத்துக்காக ஓடிவந்த ஹ்யூகனாட்டுகள், அதாவது பிரெஞ்சுப் புராட்டஸ்டன்டுகள். வாழ்ந்ததும் செத்ததும் பாரிசில். பிரஷ்யாக்காரர் என்றுகூட வாதாடலாம், யாராவது தயாரா? நான் சுவிஸ் என்றே எழுதுவேன். தலை போகிற நேரத்தில் அவர் ஓடிப் பதுங்கியது அந்த மலைக்குத்தான்.

13 மே

ஹேர்ஸ்பிரிங் வளைவு என்றால் என்ன என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். கொஞ்சம் நீளும்.

வாட்சின் பின்மூடியைத் திறந்தால் இடமும் வலமுமாக ஆடுகிற சக்கரம் தெரியும், அதுதான் பேலன்ஸ். அதன் நடுவே மயிரிழை அகலத்தில் ஒரு சுருள். உள்முனை பேலன்ஸின் அச்சில், வெளிமுனை நிலையான ஒரு ஆணியில். பேலன்ஸ் ஆடும்போது சுருள் விரியும், சுருங்கும். தட்டையான சுருளாக இருந்தால் வெளிமுனை ஓரிடத்தில் கட்டப்பட்டிருப்பதால் ஒரு பக்கம் மட்டும் அதிகம் விரியும். லென்ஸ் போட்டுப் பார்த்தால் நன்றாகவே தெரியும், ஆணிக்கு எதிர்ப்பக்கம் சுற்றுகள் பிதுங்கும், ஆணிப்பக்கம் நெருங்கும். அப்படி ஒருபக்கமாகத் தள்ளும்போது அச்சும் கல்லில் ஒருபக்கமாக உராயும். வாட்சை நிறுத்திவைத்தால் ஒரு வேகம், படுக்கவைத்தால் ஒரு வேகம். சாவி முழுதாக ஏறியிருக்கும்போது ஒன்று, இறங்கும்போது இன்னொன்று.

ப்ரெகே 1795இல் செய்தது இது: வெளிச்சுற்றின் கடைசிப் பகுதியை மற்றச் சுற்றுகளுக்கு மேலே தூக்கி, உள்பக்கமாக வளைத்து, நடுவுக்கு அருகே கொண்டுவந்து கட்டினார். சுருள் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி விரிந்து சுருங்க ஆரம்பித்தது.

படிக்கச் சுலபம். நான் சனி ஞாயிறுகளில் ஒரு ரிப்பேர் கடைப் பெரியவரிடம் உட்கார்ந்து பழகியவன். அவர் கையில் ஒரு செத்த வாட்சின் சுருளைக் கொடுத்து "தூக்கிப் பாரு" என்றார். தடித்த ட்வீசரால் வெளிச்சுற்றை முனையிலிருந்து முக்கால் சுற்று தள்ளிப் பிடித்து, மேல்நோக்கி ஒரு மடிப்பு. ஒரு நெல் நீளம் தள்ளி எதிர்ப்பக்கம் இன்னொரு மடிப்பு. அப்போதுதான் தூக்கிய பகுதி கீழே இருக்கிற சுற்றுகளுக்கு இணையாக நிற்கும். அதன்பிறகு உள்நோக்கிய வளைவு. இரண்டாவது மடிப்பில் கொஞ்சம் கூடினால் முனை சரிந்து கீழ்ச்சுற்றைத் தொடும். தொட்டால் வாட்ச் ஒரு மணி நேரத்தில் சில நிமிடம் வேகமாக ஓடும், ஏனென்றால் சுருளின் நீளம் குறைந்த மாதிரி ஆகிவிடுகிறது. பெரியவர் என் சுருளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு "பக்கோடா" என்றார். அவர் போட்டது கீழ்ச்சுற்றுக்கு மேலே ஒரே உயரத்தில் போய் நின்றது, லென்ஸில் பக்கவாட்டில் பார்த்தால் இரண்டு கோடுகள்.

மின்விளக்கு இல்லாத காலத்தில், ஜன்னல் வெளிச்சத்தில் இதைச் செய்தார்கள். அந்த மேசையில் உட்காரும்போதெல்லாம் எனக்கு அந்த நினைப்புதான்.

13 மே, பின்குறிப்பு

முனையை உள்ளே வளைக்கிற யோசனைக்கு முன்னோடி லண்டன் ஜான் அர்னால்ட். அவருடைய கப்பல் கடிகாரங்களில் உருளை வடிவச் சுருளின் முனைகளை ஏற்கெனவே உள்ளே வளைத்திருந்தார். உருளைச் சுருள் உயரமானது, சட்டைப்பை வாட்சுக்குள் அடங்காது. அந்தப் பலனைத் தட்டைச் சுருளில் கொண்டுவந்தது ப்ரெகேயின் சாமர்த்தியம். எந்த வளைவு சரி என்பதற்குக் கணக்கு வந்தது 1861இல், பிலிப்ஸ் என்கிற பிரெஞ்சுப் பொறியாளர் போட்டார். அறுபத்தாறு வருஷம் எல்லோரும் கண்ணையும் காதையும் நம்பித்தான் வளைத்தார்கள்.

16 மே

"டூர்பியோனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே? அதுதானே அவருடைய உச்சம்?"

எதிர்பார்த்த கேள்விதான். 1801 ஜூன் 26, புரட்சி நாட்காட்டிப்படி மெஸ்ஸிதோர் 7, பத்து வருஷத்துக்குக் காப்புரிமை. பேலன்ஸையும் எஸ்கேப்மென்டையும் ஒரு கூண்டுக்குள் போட்டு, கூண்டையே சுழல விடுவது. நிமிடத்துக்கு ஒரு சுற்று, சிலவற்றில் நான்கு நிமிடம் அல்லது ஆறு நிமிடம். புவியீர்ப்பு பேலன்ஸை எந்தப் பக்கம் இழுத்தாலும் சுழற்சியில் கூடுவதும் குறைவதும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும்.

இன்று அது பணக்காரர் கையில் மினுக்குகிற சாமான். கை நாள் முழுக்க ஆடிக்கொண்டே இருக்கிறது, அதில் எதற்குச் சுழலும் கூண்டு? சீனத்தில் மலிவாகவே கிடைக்கிறது. ஓசூரில் தொழிற்சாலை வைத்திருக்கும் டைட்டன்கூட ஒன்று வெளியிட்டிருக்கிறது. டயலில் ஓட்டை போட்டு அதைக் காட்டுவதுதான் வழக்கம். ப்ரெகே தன்னுடையதை மூடிக்குள் மறைத்து வைத்தார்.

என் கட்சி இதுதான்: அவர் பெருமை டூர்பியோனில் இல்லை, ராணி வாட்சிலும் இல்லை. ஒற்றை முள் வாட்ச் என்று ஒன்று உண்டு, அதில் இருக்கிறது. வருகிறேன்.

17 மே

வருவதற்கு முன் புரட்சி.

மாரா என்று ஒருவர், புரட்சியின் உக்கிரமான பத்திரிகைக்காரர். அவரும் நொஷாத்தெல் சீமையில் பூட்ரி என்ற ஊர்க்காரர். ஊர்ப்பாசம், நட்பு. ஒருநாள் மாரா இருந்த வீட்டுக்கு வெளியே அவரை ஒழிக்கச் சொல்லிக் கூட்டம் கத்திக்கொண்டிருந்ததாம். ப்ரெகே அவருக்குக் கிழவி வேஷம் போட்டு, கைபிடித்து நடத்தி வெளியே கொண்டுபோனாராம். கதை இப்படித்தான் சொல்லப்படுகிறது. மாரா எப்படிப்பட்ட கிழவியாக இருந்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

1793இல் கடனைத் திருப்பினார் மாரா. அரண்மனைக்கு வாட்ச் விற்றவன் கழுத்து தப்பாது என்று தெரிந்ததும் ஊர் போய்ச்சேர அனுமதிச் சீட்டு கிடைக்க உதவினார். ஜூலை 13 மாராவே குளியல் தொட்டியில் குத்திக் கொல்லப்பட்டார். ஆகஸ்டில் ப்ரெகே குடும்பத்தோடு கிளம்பிவிட்டார். ஜெனீவா, பிறகு நொஷாத்தெல், பிறகு லெ லோக்ல். அக்டோபர் 16 ராணியின் தலை போனது. 1795இல் பாரிஸ் திரும்பியபோது பட்டறை கெட்டுப்போய்க் கிடந்தது, பழைய வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் செத்துப் போயிருந்தார்கள், மீதிப் பேர் தேசம் விட்டு ஓடியிருந்தார்கள்.

ஹேர்ஸ்பிரிங் வளைவுக்குப் போட்ட வருஷத்தைப் பாருங்கள். 1795. ஆர்டர் இல்லாமல் மலையில் உட்கார்ந்திருந்த இரண்டு வருஷத்தில்தான் மனுஷர் நிறைய யோசித்திருக்கிறார்.

18 மே

ஒற்றை முள்.

பெயர் 'சூஸ்க்ரிப்சியோன்'. 1797 வாக்கில் துண்டறிக்கை அச்சடித்து விற்றார். வாங்குகிறவர் விலையில் கால் பங்கை முதலிலேயே கட்டவேண்டும், மீதி கையில் வாங்கும்போது. கடையில் காசில்லை, வாடிக்கையாளர் காசிலேயே உலோகம் வாங்கி, கூலி கொடுத்து, தொகுதி தொகுதியாகச் செய்தார். நாம் சீட்டுக் கட்டி நகை எடுக்கிற புத்திதான். சுமார் 700 விற்றது என்பார்கள். அவர் கடை அளவுக்கு அது பெரிய எண்ணிக்கை.

வாட்ச் பெரியது, 61 மில்லிமீட்டர். வெள்ளை எனாமல் டயல், ஒரே முள். ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் நடுவே பன்னிரண்டு பிரிவு, ஒவ்வொன்றும் ஐந்து நிமிடம். பிரிவுக்கு நடுவே முள் நிற்கும் இடத்தை வைத்து ஒன்றிரண்டு நிமிடத்துக்குள் சொல்லிவிடலாம்.

18 மே, இரவு

சொன்னால் சிரிப்பீர்கள். என்னிடம் ஒரு பழைய எச்எம்டி ஜனதா இருந்தது. நிமிட முள்ளையும் நொடி முள்ளையும் கழற்றிவிட்டுச் சில வாரம் கட்டிக்கொண்டு திரிந்தேன்.

முதல் பாடம்: சாதாரண டயலில் எண்ணுக்கும் எண்ணுக்கும் நடுவே ஐந்தே பிரிவு, மணி முள்ளுக்கு ஒரு பிரிவு பன்னிரண்டு நிமிடம். மனக்கணக்கு போட்டே தலைவலி. ப்ரெகே டயலை ஏன் அவ்வளவு பெரிதாக்கி, நெருக்கமாகப் பிரித்தார் என்று அப்போது உறைத்தது. இரண்டாவது: மணி முள்ளின் சக்கரத்தில் பல்லுக்குப் பல் கொஞ்சம் இடைவெளி இருக்கும். முள்ளை விரலால் தொட்டால் இலேசாக ஆடும். நிமிட முள் கூட இருக்கும்போது அந்த ஆட்டத்தை யாரும் கவனிப்பதில்லை. ஒற்றை முள்ளில் அதுவே ஐந்து நிமிடப் பிழை. ஆகவே ஒரு முள்ளைக் குறைத்தால் வேலையும் குறையும் என்பதில்லை, இருக்கிற ஒன்றை ஆட்டமில்லாமல் வைத்தாக வேண்டும்.

மூன்றாவது, பஸ்ஸைத் தவறவிடவில்லை. அலுவலகத்தில் மட்டும் "மணி என்ன" என்று கேட்பவர்களிடம் "ஏறக்குறைய" என்று ஆரம்பிக்க வேண்டியிருந்தது.

20 மே

போலி. இந்த இழைக்கு இதுதான் ரொம்பப் பொருத்தம்.

ப்ரெகே உயிரோடு இருக்கும்போதே அவர் பெயரைப் பொறித்துச் சாதா வாட்சுகளை விற்க ஆரம்பித்துவிட்டார்கள். அவர் போட்ட தடை: ரகசியக் கையெழுத்து. பன்னிரண்டு மணி எண்ணுக்குப் பக்கத்தில், எனாமலில், பேன்டோகிராப் என்கிற, பெரிய எழுத்தைச் சின்னதாக நகலெடுக்கும் கருவியை வைத்து மிகச் சிறியதாகக் கீறிய பெயர். நேராகப் பார்த்தால் ஒன்றும் இல்லை. டயலைச் சாய்த்து வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி பிடித்தால் எழுத்து எழும்பும். ஒற்றை முள் வாட்சிலும் இது உண்டு, பக்கத்திலேயே வாட்சின் எண்ணும் இருக்கும். கள்ள வாட்ச் செய்தவர்கள் சிலர் இதையும் கீறினார்கள், ஆனால் பேரேட்டில் எழுத முடியவில்லையே.

21 மே

ராணி வாட்சைப் பற்றி எழுதாமல் விடமாட்டீர்கள் போல. சரி, எண் 160.

1783இல் ஆர்டர். ராணியின் காவற்படை அதிகாரி ஒருவர் கொடுத்தார் என்பார்கள். நிபந்தனை விநோதமானது: அப்போது தெரிந்த எல்லா வித்தையும் அதில் இருக்க வேண்டும், முடிந்த இடத்தில் எல்லாம் வேறு உலோகத்துக்குப் பதில் தங்கம், விலைக்கும் காலத்துக்கும் வரம்பு இல்லை. காலத்துக்கு வரம்பு இல்லை என்று வாட்ச் ஆசாரியிடம் சொன்னால் என்ன நடக்கும் என்று ரிப்பேர் கடைக்குப் போனவர்களுக்குத் தெரியும். முடிந்தது 1827இல், 44 வருஷம். ராணி போய் 34 வருஷம், ப்ரெகே போயே நான்கு வருஷம். மகன் அந்துவான் லூயி காலத்தில் முடித்தார்கள்.

நிமிடம் வரை மணியடிக்கும், லீப் வருஷம் பார்த்துத் தேதி காட்டும், சூரிய நேரத்துக்கும் கடிகார நேரத்துக்கும் உள்ள வித்தியாசம் காட்டும், வெப்பமானி உண்டு, தானே சாவி ஏறும். 823 பாகம்.

1838இல் ஒரு முதிய பிரபு அதை ரிப்பேருக்குக் கொண்டுவந்து கொடுத்தார். வாங்கிப்போக அவர் வரவேயில்லை. கடையிலேயே கிடந்து, பிறகு கை மாறி, இங்கிலாந்தின் சர் டேவிட் சாலமன்ஸ் என்ற ப்ரெகே பைத்தியத்திடம் சேர்ந்தது. அவர் மகள் ஜெருசலேமில் நிறுவிய இஸ்லாமியக் கலை அருங்காட்சியகத்துக்கு மற்ற வாட்சுகளோடு போனது. 1983 ஏப்ரல் 15 இரவு திருட்டு, 106 உருப்படி. ஜன்னல் கம்பியை வளைத்து உள்ளே நுழைந்தவன் ஒல்லியான ஆள், தனியாக வந்தவன். சாகும்போது மனைவியிடம் சொல்லிவிட்டுச் செத்தான். 2006க்குப் பிறகுதான் பொருட்கள் வெளியே வந்தன, 160உம் வந்தது.

இதற்கு நடுவில் வேடிக்கை. அசல் போனது போனதுதான் என்று நினைத்து, அப்போது ப்ரெகே நிறுவன முதலாளியாக இருந்த ஹாயெக், படங்களையும் பழைய வரைபடங்களையும் வைத்து ஒரு நகல் செய்யச் சொன்னார். வெர்சாய் தோட்டத்தில் ராணி உட்கார்ந்ததாகச் சொல்லப்படும் ஓக் மரத்தை வெட்டியபோது கிடைத்த கட்டையில் பெட்டி. 2008இல் நகல் வெளியானபோது அசல் ஏற்கெனவே திரும்பி வந்திருந்தது.

22 மே

ஐஃபல் கோபுரத்தில் பொறித்த 72 பெயர்களில் ப்ரெகே இருக்கிறாரே என்று ஒருவர் பெருமைப்பட்டார். அது இவர் இல்லை, பேரன் லூயி ப்ரான்சுவா க்ளெமோன், தந்திக் கருவி செய்தவர். பேரனுக்கு வாட்சைவிட மின்சாரத்தில்தான் ஆசை, கடிகாரத் தொழிலை 1870இல் பட்டறை மேலாளர் எட்வர்ட் பிரவுனுக்கு விற்றுவிட்டார். விமானம் செய்த லூயி ப்ரெகே அதற்கும் பிந்திய தலைமுறை.

24 மே

டூர்பியோனைப் பற்றி 16ஆம் தேதி எழுதியதைக் கொஞ்சம் தளர்த்துகிறேன்.

என் பழக்கம் ஒன்று உண்டு. ராத்திரி வாட்சைக் கழற்றி வைக்கும்போது, பகலில் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து எப்படி வைப்பது என்று முடிவு செய்வேன். டயல் மேலே பார்த்தால் இந்த வாட்ச் கொஞ்சம் கூடும், சாவி மேலே பார்க்க நிறுத்தினால் குறையும். இரண்டையும் வைத்துச் சரிக்கட்டுவேன். இயந்திர வாட்ச் கட்டுகிற நிறையப் பேர் செய்வதுதான். ப்ரெகே கூண்டுக்குள் அடைத்தது இதே வேலையைத்தான். ஆள் பார்த்து ராத்திரிக்கு ஒருமுறை செய்வதை, இயந்திரமே நிமிடத்துக்கு ஒருமுறை செய்யும்.

சட்டைப்பை வாட்ச் நாள் முழுக்கச் செங்குத்தாகவே தொங்கும். அந்தக் காலத்துக்கு அது நியாயமான மருந்து. பிழையை ஒழிக்க முடியாது, சுற்றிலும் சமமாகப் பரப்பிவிடலாம் என்கிற புத்தி எனக்குப் பிடித்திருக்கிறது. அவர் காலத்தில் செய்ததே நாற்பது வாக்கில்தான். செய்வது அவ்வளவு கஷ்டம், விற்பதும் கஷ்டம்.

அதில் ஒன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. ஜான் அர்னால்ட் இறந்தபிறகு, அர்னால்ட் செய்த பழைய வாட்ச் ஒன்றுக்குள் தன் முதல் டூர்பியோனைப் பொருத்தி, நினைவு வாசகம் பொறித்து, 1808இல் அர்னால்டின் மகனுக்குக் கொடுத்தார் ப்ரெகே. பிரான்சும் இங்கிலாந்தும் போரில் இருந்த வருஷம் அது. போட்டிக்காரன் இயந்திரத்துக்குள் தன் சிறந்த வேலையை வைத்துக் கொடுக்கிற மனசு எத்தனை பேருக்கு வரும்? இதற்காக டூர்பியோனை மன்னிக்கிறேன். இன்றைய விலைகளை இல்லை.

25 மே

கீழே விழுந்தாலும் உடையாத வாட்ச் பற்றிக் கேட்டவருக்கு. ஆமாம், அதுவும் இவர்தான், 1790. 'பாராஷூட்' என்று பெயர். வாட்ச் விழுந்தால் முதலில் ஒடிவது பேலன்ஸ் அச்சின் முனை. அந்த முனை உட்காரும் கல்லை ஒரு மெல்லிய ஸ்பிரிங் தகட்டில் வைத்துவிட்டார். அடி விழுந்தால் கல் விலகிக் கொடுத்துத் திரும்பும். பிரெஞ்சு ராஜதந்திரி தாலேரான் வீட்டு விருந்தில் எல்லோர் முன்னாலும் வாட்சைத் தரையில் எறிந்து காட்டினார் என்று ஒரு கதை. இன்று உங்கள் கையில் இருக்கும் எந்த இயந்திர வாட்சைத் திறந்தாலும் பேலன்ஸ் நடுவே கல்லைப் பிடித்திருக்கும் சின்ன ஸ்பிரிங் தெரியும், இன்காப்ளாக் மாதிரியான பெயர்களில். அதன் பாட்டன் இதுதான்.

மணியடிக்கும் வாட்சில் குட்டி மணிக்குப் பதில் வளைந்த கம்பியைப் போட்டு வாட்சை ஒல்லியாக்கியதும் இவரே, 1783. நுனியில் ஓட்டை வட்டம் வைத்த முள்ளும் இவருடையது. இதையெல்லாம் அரசர்கள் மட்டும் அனுபவிக்கவில்லை, உங்கள் வீட்டுச் சுவர்க்கடிகாரத்திலும் அந்த முள் இருக்கலாம்.

27 மே

பட்டறை ஆட்களைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். கூலி வாங்க வந்தவன் பில்லில் தொகை பூஜ்யத்தில் முடிந்தால், வேலை நன்றாக இருக்கும் பட்சத்தில், பூஜ்யத்துக்கு ஒரு வால் போட்டு 9 ஆக்கிவிடுவாராம் ப்ரெகே. இந்தக் கதையை ரிப்பேர் கடைப் பெரியவரிடம் சொன்னேன். "எங்க முதலாளி ஒன்பதுல இருக்கிற வாலை அழிச்சிருப்பாரு" என்றார்.

டென்மார்க்கின் உர்பன் யுர்கென்சன், அர்னால்டின் மகன் எல்லோரும் அங்கே வந்து பழகியவர்கள். கடைசி வருஷங்களில் பட்டங்கள் வரிசையாக வந்தன: தீர்க்கரேகை ஆய்வுக் குழு, கடற்படைக் கடிகாரக்காரர், 1816இல் அறிவியல் கழகம். 1823 செப்டம்பர் 17 இறந்தார். பெர் லாஷேஸ் கல்லறையில் இருக்கிறார்.

30 மே

முதல் கைக்கடிகாரம் அவருடையதா? எழுத்தில் தடயம் இருக்கிற மிகப் பழையவற்றில் ஒன்று என்று சொல்லலாம். நேப்பிள்ஸ் ராணி கரோலின் மூரா, நெப்போலியனின் தங்கை, 1810இல் ஆர்டர் கொடுத்தார், 1812இல் கிடைத்தது. எண் 2639. நீள்வட்டக் கூடு, மணியடிக்கும், வெப்பமானியோடு. தங்க இழை கலந்து முடியால் பின்னிய பட்டை. 1855இல் ரிப்பேருக்கு வந்தது என்று பேரேடு சொல்கிறது, அதோடு சரி. அது கிடைத்தால் யாராவது எனக்கு ஒரு வரி போடுங்கள், நான் ஹேர்ஸ்பிரிங்கைத் தொடமாட்டேன் என்று சத்தியம்.

2 ஜூன்

"ஒற்றை முள்ளைப் புகழ்வது ஏழையின் ஆறுதல். 160ஐக் கொடுத்தால் வேண்டாம் என்பீர்களா?"

முதலில், ஒற்றை முள் ஏழைக்கு விற்றதில்லை. கால் பங்கு முன்பணம் கட்டவே கையில் காசு இருந்திருக்க வேண்டும். அரண்மனை ஆளாக இல்லாமலும் ப்ரெகே வாங்கலாம் என்பதுதான் அதில் புதுசு. 2025இல் நிறுவனத்துக்கு 250 வயது, அதற்காக அதே பெயரில் ஒற்றை முள் கைக்கடிகாரம் ஒன்றைத் தங்கத்தில் விட்டிருக்கிறார்கள். அதன் விலையைப் பார்த்துவிட்டு ஏழை ஆறுதல் பற்றிப் பேசலாம்.

இரண்டாவது, உள்ளே திறந்தால் தெரியும். மெயின்ஸ்பிரிங் டப்பா நடுவே, இருபுறமும் சமமாக மற்றவை. எங்கே என்ன இருக்கிறது என்று முதல் பார்வையிலேயே புரிகிற அமைப்பு. எந்த ஊர்க் கடிகாரக்காரனும் பழுதுபார்க்கலாம் என்று சொல்லித்தான் அவர் விற்றார். 160ஐ எனக்குக் கொடுத்தால் வாங்கிக்கொள்வேன், ஏன் வேண்டாம் என்பேன்? ஆனால் நின்றுபோனால் எந்தக் கடைக்குக் கொண்டுபோவது? பெரியவரிடம் கேட்டேன், 823 பாகம் என்றதும் கடையைச் சாத்திக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார்.